இறங்குதலின் வரலாறு: பிஸ்டன் விமானங்களும் இறக்கைத் தடுப்புத் தகடுகளும்

வானூர்தியின் வரலாறு பெரும்பாலும் ஏறுதலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் அருகே ரைட் சகோதரர்களின் 12 நொடிப் பறத்தலில் தொடங்கி, உயரம், வேகம், தொலைவு ஆகியவற்றின் சாதனைப் பட்டியலாக அது நீள்கிறது. விழுதலுக்கும் அதில் இடமுண்டு. அது விபத்துகளைப் பேசும் அத்தியாயம். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு மூன்றாவது செயல் இருக்கிறது. விரும்பிய வேகத்தில், விரும்பிய சரிவில், இயந்திரத்துக்கும் உடலுக்கும் தீங்கின்றி இறங்குவதே அது. ஒவ்வொரு பறத்தலிலும் நிகழ்வதாயினும் வரலாற்று நூல்களில் அதற்குத் தனியிடம் கிடைப்பதில்லை. இறக்கையின் மேற்பரப்பிலிருந்து எழும்பும் ஒரு சிறிய தகட்டின் கதையைப் பின்தொடர்ந்தால் அந்த விடுபட்ட வரலாற்றின் ஒரு பகுதியேனும் கண்ணுக்குப் புலப்படும். அத்தகட்டை ஸ்பாய்லர் என்றும், பயன்பாட்டுக்கேற்ப வேகத்தடுப்பான் என்றும் வானோடிகள் வழங்குகின்றனர்.

இறங்குவதில் அப்படியென்ன சிக்கல் என்ற கேள்வி இயல்பாக எழும். ஒரு கணக்கு அதற்கு விடை தரும். 1,500 கிலோ எடையுள்ள சிறிய விமானம் ஒன்று 6,000 மீட்டர் உயரத்தில் பறக்கிறது எனக் கொள்வோம். அவ்வுயரம் காரணமாக அது தன்னுள் தேக்கி வைத்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 88 மெகாஜூல். 200 கிலோவாட் திறனுள்ள எஞ்சின் ஒன்று ஏழு நிமிடங்களுக்கும் மேலாக முழு விசையில் ஓடினால்தான் அவ்வளவு ஆற்றலை வெளிப்படுத்த முடியும். தரையிறங்குவதற்கு முன் இந்த ஆற்றல் முழுவதையும் எங்கேனும் செலவிட்டாக வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் அது வேகமாக மாறும். வேகத்துக்கோ உடற்கட்டமைப்பு விதிக்கும் எல்லை உண்டு. எஞ்சின் விசையைக் குறைத்தால் வேகம் அடங்கும். ஆனால் பிஸ்டன் எஞ்சினுக்கு அதனால் வேறொரு தொல்லை நேரக்கூடும் என்பதைப் பின்னர் காணலாம். எஞ்சியிருக்கும் வழி, காற்றுத்தடையை வேண்டுமென்றே கூட்டி ஆற்றலைக் காற்றிலேயே கரைத்துவிடுவது. ஸ்பாய்லர் செய்வது இதைத்தான். இறக்கையின் மேற்பரப்பில் தகடு எழும்பும்போது அங்கே சீராக ஓடிக்கொண்டிருந்த காற்றோட்டம் குலைகிறது; தூக்குவிசை குறைகிறது; காற்றுத்தடை பெருகுகிறது.

தொடக்ககால விமானங்களுக்கு இத்தகைய கருவி தேவைப்படவில்லை. அடுக்கு இறக்கைகள், அவற்றை இணைத்த கம்பிகள், முட்டுக்கட்டைகள், திறந்த விமானி இருக்கை, வெளியே தொங்கிய சக்கரங்கள் என எல்லாமே காற்றைத் தடுத்தன. எஞ்சின் விசையைக் குறைத்த மாத்திரத்தில் விமானம் தானே செங்குத்தான சரிவில் இறங்கியது. முதல் உலகப்போர்க் காலத்துச் சுழல் எஞ்சின்களில் தீப்பொறி இணைப்பைத் துண்டித்தும் மீண்டும் தந்தும் விசையைக் கட்டுப்படுத்தினர். அதற்கும் மேலாக உயரத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் விலாப்புறத்தைக் காற்றுக்குக் காட்டிச் சறுக்கவிட்டனர். இறங்குதல் அன்று கருவியின் பணியாக இருக்கவில்லை. விமானியின் கைப்பழக்கமாக இருந்தது. அந்நிலையை மாற்றியது வடிவமைப்பாளர்களின் தோல்வியன்று, அவர்களது வெற்றியே. காற்றுத்தடையை ஒவ்வொன்றாக நீக்கி அவர்கள் விமானத்தைத் தூய்மைப்படுத்தியபோது, இறங்குவதற்கு அதுவரை தானாகக் கிடைத்துவந்த தடையும் உடன் போயிற்று.

இந்த நெருக்கடியை முதலில் எதிர்கொண்டது எஞ்சினே இல்லாத கிளைடர்தான். பிஸ்டன் விமானத்தின் கதைக்குள் கிளைடர் நுழைவது இதனாலேயே. முதல் உலகப்போருக்குப்பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் விமானத்துறைக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. அந்நாட்டு இளைஞர்களும் பொறியாளர்களும் எஞ்சினற்ற பறத்தலின் பக்கம் திரும்பினர். 1920 முதல் ரோன் மலைப்பகுதியின் வாஸர்குப்பே குன்றில் ஆண்டுதோறும் கிளைடர் போட்டிகள் நடைபெற்றன. இறக்கைகள் நீண்டு மெலிந்தன. வெப்ப நீரோட்டங்களைப் போலவே மேலெழும் காற்றுத் தூண்களைக் கண்டறிந்து, அவற்றில் வட்டமிட்டு ஏறி, மேகங்களுக்குள்ளும் நுழையும் துணிவு பிறந்தது. மேகத்தினுள் அடிவானம் தெரியாது. கிளைடர் எந்நிலையில் உள்ளது என்பதை விமானி உணரும் முன்பே அது பாய்ந்து இறங்கத் தொடங்கிவிடும். காற்றுத்தடை மிகக் குறைவாக இருந்தமையால் சில நொடிகளிலேயே வேகம் இறக்கையின் தாங்குதிறனைத் தாண்டிவிடும். ஆஸ்திரிய வானோடி ராபர்ட் குரோன்ஃபெல்டின் ‘ஆஸ்திரியா’ என்னும் கிளைடருக்கு 1932இல் நேர்ந்தது இதுவே. 30 மீட்டர் இறக்கை நீளம் கொண்ட அந்தப் பெருங்கிளைடர் மேகத்தில் சிக்கி உடைந்தது. குரோன்ஃபெல்ட் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

தீர்வு ஜெர்மன் கிளைடர் ஆய்வு நிறுவனத்தில் உருவாயிற்று. அங்கு வடிவமைப்பாளராக இருந்த ஹான்ஸ் யாக்கோப்ஸ், 1930களின் நடுவில் கிளைடர்களுக்கான பாய்ச்சல் தடுப்பான்களை உருவாக்கினார். இறக்கையின் மேலும் கீழும் தகடுகள் எழும்பி நிற்க, கிளைடர் செங்குத்தாகப் பாய்ந்தாலும் அதன் வேகம் உடற்கட்டமைப்பு தாங்கும் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். விமானியின் திறமையோ விழிப்போ தவறினாலும் இயந்திரம் அவரைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் அடங்கியுள்ளது. இத்தடுப்பான்களைச் சோதித்துப் பறந்தவர் ஹன்னா ரைட்ச். அப்பணிக்காகவே அவருக்கு ‘ஃபுளூக்காப்பிட்டேன்’ என்னும் சிறப்புப் பட்டம் 1937இல் கிடைத்தது.

கருவியின் வரலாற்றை மனிதர்களின் வரலாற்றிலிருந்து பிரித்தெழுத இயலாது என்பதற்கு இவ்விருவரின் பிற்கால வாழ்வே சான்று. யூத வம்சாவளியினரான குரோன்ஃபெல்ட், நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் பிரிட்டனில் குடியேறினார். இரண்டாம் உலகப்போரில் அந்நாட்டு விமானப்படையில் பணியாற்றிய அவர், 1948 பிப்ரவரியில் வாலில்லாக் கிளைடர் ஒன்றின் சோதனைப் பறத்தலில் உயிரிழந்தார். ரைட்ச் நாஜி ஆட்சியின் புகழ்பெற்ற சோதனை விமானியானார். 1945 ஏப்ரல் இறுதியில், முற்றுகையிடப்பட்ட பெர்லினுக்குள் ஹிட்லரின் நிலவறை வரை சென்று திரும்பினார். ஒருவர் எதிர்கொண்ட ஆபத்துக்கு விடையாக அமைந்த கருவியை மற்றவர் சோதித்துத் தந்தார். ஆனால் அக்கருவிக்குப் பின்னிருந்த அறிவு யாருக்குப் பயன்படும் என்பதை அதைக் கண்டவர்கள் தீர்மானிக்கவில்லை.

அதே ஆண்டுகளில், அதே நாட்டில், பாய்ச்சலைத் தடுக்கும் தகடு வேறொரு பணிக்கும் அழைக்கப்பட்டது. முதல் உலகப்போரின் புகழ்பெற்ற விமானியான எர்ன்ஸ்ட் ஊடெட், 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கர்டிஸ் விமானங்களின் பாய்ச்சலைக் கண்டு கவரப்பட்டார். அவ்வகை விமானங்கள் இரண்டு ஜெர்மனிக்கு வாங்கப்பட்டன. உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து இலக்கின்மீது குண்டை விடுவித்தால் துல்லியம் கூடும் என்பதே பாய்ச்சல் குண்டுவீச்சின் அடிப்படை. யுங்கர்ஸ் நிறுவனத்தின் யு 87 அதற்கென உருவாயிற்று. அதன் முதல் மாதிரி 1936 ஜனவரி 24 அன்று பாய்ச்சல் சோதனையின்போது வால்பகுதி நொறுங்கி விழுந்தது. சோதனை விமானி வில்லி நொயன்ஹோஃபனும் உடன் சென்ற பொறியாளரும் மாண்டனர். இறக்கையின் அடியில், முன்விளிம்பை ஒட்டிப் பொருத்தப்பட்டு, பாய்ச்சலின்போது 90 பாகை திரும்பிக் காற்றை எதிர்த்து நிற்கும் தடுப்புச் சட்டங்களே அவ்விமானத்தின் முதன்மையான கட்டுப்பாட்டுக் கருவியாயின.

இங்கே தகட்டின் பொருள் தலைகீழாகிறது. கிளைடரில் அது விமானியின் உயிருக்கு அவகாசம் தந்தது. யு 87இல் அது குறிபார்ப்பதற்கு அவகாசம் தந்தது. வேகம் அடங்கியிருப்பதால் விமானி இலக்கைச் சில நொடிகள் கூடுதலாகக் கண்ணில் நிறுத்தலாம். தாழ்வான உயரம் வரை வந்து குண்டை விடுவித்துவிட்டு மேலெழலாம். 1939 செப்டம்பர் 1 அன்று போலந்தின் வியலுன் நகரின்மீது இவ்விமானங்கள் குண்டு வீசின. ஸ்டுகா என்ற பெயரோடு இன்றும் நினைவில் நிற்பது அதன் ஊளையிடும் ஒலிதான். அப்பாய்ச்சலைச் சாத்தியமாக்கிய தடுப்புச் சட்டங்களை நினைவுகூர்வோர் குறைவு.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. நார்த்ரப் பிடி-1 என்னும் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைப் பின்விளிம்பில், மேலும் கீழுமாகப் பிளந்து விரியும் தகடுகள் பொருத்தப்பட்டன. அவை விரிந்தபோது குலைந்த காற்றோட்டம் பின்னால் சென்று வால்பகுதியைக் கடுமையாக அதிரச் செய்தது. தகடுகளில் வரிசையாகத் துளைகளை இட்டபோது அதிர்வு அடங்கியது. காற்றுத்தடையோ போதிய அளவில் நிலைத்தது. எட் ஹைனமனின் வடிவமைப்பில் அவ்விமானத்திலிருந்து வளர்ந்ததே டக்ளஸ் எஸ்பிடி டான்ட்லெஸ். சல்லடை போன்ற அதன் தகடுகள் 1942 ஜூன் 4 அன்று மிட்வே தீவுக்கு அருகே விரிந்தன. அன்று காலை சில நிமிடங்களுக்குள் அகாகி, காகா, சோர்யு ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தாக்குண்டன. பிற்பகலில் ஹிர்யுவும் தாக்கப்பட்டது. நான்கும் மூழ்கின. பசிபிக் போரின் திருப்புமுனை எனப்படும் அந்நாளை விவரிக்கும் நூல்கள் உளவுத்துறையையும் தற்செயலையும் விரிவாகப் பேசுகின்றன. அவ்விமானங்கள் கட்டுக்குள் இறங்கியமையும் அந்நாளின் காரணங்களுள் ஒன்று.

இந்திய விமானப்படைக்கும் இவ்வரலாற்றில் நேரடிப் பங்குண்டு. 1942 டிசம்பர் 1 அன்று இரண்டு புதிய படைப்பிரிவுகள் தோன்றின: விசாகப்பட்டினத்தில் 7ஆம் பிரிவும், திருச்சிராப்பள்ளியில் 8ஆம் பிரிவும். இரண்டுக்கும் வழங்கப்பட்டவை அமெரிக்காவில் கட்டப்பட்ட வல்ட்டி வெஞ்சன்ஸ் பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்கள். பிரெஞ்சு அரசின் தேவைக்காகத் திட்டமிடப்பட்டு, பிரான்ஸ் வீழ்ந்தபின் பிரிட்டனுக்காகக் கட்டப்பட்டவை இவை. ஐரோப்பியக் களத்தில் இவ்வகை விமானங்கள் வேகமிக்க போர் விமானங்களுக்கு எளிதில் இரையாகும் என்பது அதற்குள் தெளிவாகிவிட்டமையால், இவை இந்திய–பர்மிய எல்லைக்கு வந்து சேர்ந்தன. அதன் இறக்கை உடலோடு பொருத்தப்பட்டிருந்த கோணம் கவனத்துக்குரியது. வழக்கமாக இறக்கையின் முன்விளிம்பு சற்றே உயர்ந்திருக்கும்; வெஞ்சன்ஸில் அவ்வுயர்வு இல்லை. அதனால் செங்குத்துப் பாய்ச்சலில் இறக்கை விமானத்தை ஒருபுறமாக இழுக்காது, குறி விலகாது. அதற்கான விலையைச் சமநிலைப் பறத்தலில் செலுத்த வேண்டியிருந்தது: மூக்கைத் தூக்கியவாறே அது பறந்தது. இறக்கையின் மேலும் கீழும் எழும்பி நின்ற சட்டக வடிவத் தடுப்பான்கள் பாய்ச்சலின் வேகத்தைக் கட்டுக்குள் வைத்தன. 1943 டிசம்பரில் 8ஆம் பிரிவு அரக்கான் முனையில் போரில் இறங்கியது. 1944இல் 7ஆம் பிரிவு இம்பால் போர்க்களத்தின் பகுதிகளில் பறந்தது. முழுதும் இறங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்ட ஒரு விமானத்தில்தான் இந்திய விமானிகள் பலர் தம் முதல் போரைக் கண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு பிரிவு ஸ்பிட்ஃபயருக்கும் மற்றொன்று ஹரிக்கேனுக்கும் மாறின.

போருக்குப்பின் பாய்ச்சல் குண்டுவீச்சு வழக்கொழிந்தது. தடுப்பான் ஜெட் விமானங்களுக்குச் சென்றது. கிளைடர்களில் நிலையான உறுப்பாயிற்று. தனியார் பிஸ்டன் விமானங்களில் மட்டும் நெடுங்காலம் அதற்கு இடமில்லாதிருந்தது. இறங்குவதற்கு ஃபிளாப்புகளும் சக்கரங்களுமே போதுமென்று கருதப்பட்டன. ஆனால் 1930களில் கிளைடர்களுக்கு நேர்ந்தது இவ்விமானங்களுக்கும் நேர்ந்தது. 1947இல் சந்தைக்கு வந்த பீச்கிராஃப்ட் பொனான்ஸா, சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் வழுவழுப்பான உலோக உடலைக் கொண்டிருந்தது. 1977இல் வந்த மூனி 201, 200 குதிரைத்திறனில் மணிக்கு 201 மைல் என்ற தன் வேகத்தையே பெயராகச் சூடிக்கொண்டது. ராய் லோப்ரெஸ்டியின் தலைமையில் உடலின் சிறு தடைகளும் தேடி நீக்கப்பட்டதன் பயன் அது. ஃபிளாப்புகளையும் சக்கரங்களையும் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழேதான் விரிக்கலாம். அவ்வேகத்துக்கு வருவதே இப்போது கடினமாயிற்று. இறங்கினால் வேகம் குறையவில்லை. வேகத்தைக் குறைத்தால் இறங்க முடியவில்லை.

டர்போசார்ஜர் இச்சிக்கலை மேலும் கூட்டியது. பிஸ்டன் விமானங்கள் 20,000 அடி உயரத்தை எட்டின. விமான நிலையங்களை நெருங்கும்போது, ஜெட் விமானங்களோடு வரிசையில் நிற்க வேண்டிய அவற்றுக்கு இறங்கும் அனுமதி தாமதமாகவே கிடைத்தது. ஒரு விமானம் 180 நாட் வேகத்தில், நிலையத்துக்கு 30 கடல் மைல் தொலைவில், 15,000 அடி உயரத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். கையிலிருப்பது பத்தே நிமிடம். நிமிடத்துக்கு 1,500 அடி வீதம் இறங்கியாக வேண்டும். காற்றழுத்தம் சீராக்கப்படாத அறையில் அமர்ந்திருக்கும் பயணியின் செவிக்கு நிமிடத்துக்கு 500 அடியே ஏற்றது என்பது நெடுநாள் வழக்கு. எனவே ஸ்பாய்லர் செவியைக் காப்பதில்லை. விமானத்தையும் எஞ்சினையுமே அது காக்கிறது.

எஞ்சினின் தொல்லை இங்கேதான் வருகிறது. காற்றால் குளிர்விக்கப்படும் பிஸ்டன் எஞ்சினின் சிலிண்டர் உருளை எஃகாலானது. அதன் தலைப்பகுதி அலுமினியக் கலவையாலானது. வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. குளிரும்போது அதே விகிதத்தில் சுருங்குகிறது. உயரத்தில் முழு விசையில் ஓடிக் கொதித்திருக்கும் எஞ்சினின் விசையைச் சட்டெனக் குறைத்து மூக்கைத் தாழ்த்தினால், எரியும் வெப்பம் நின்றுபோக, குளிர்ந்த காற்று மட்டும் கூடுதல் வேகத்தில் சிலிண்டர்களின்மீது பாய்கிறது. இத்திடீர்க் குளிர்ச்சி தலைப்பகுதியில் விரிசல்களை உண்டாக்கும் என்ற அச்சம் வானோடிகளிடையே வேரூன்றியது. சிலிண்டர் வெப்பநிலையின் மாற்றம் நிமிடத்துக்கு 50 ஃபாரன்ஹீட் பாகையைத் தாண்டக்கூடாது என்று லைகோமிங் எஞ்சின் நிறுவனம் அறிவுறுத்தியது. விசைச்சுழலி எஞ்சினுடைய விமானிக்கு இக்கவலை பெரிதன்று. பிஸ்டன் விமானிக்கு மட்டும் விசையைக் குறைக்காமலே இறங்கும் வழி ஒன்று தேவைப்பட்டது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிரிசைஸ் ஃபிளைட் நிறுவனம் உருவாக்கிய வேகத்தடுப்பான்கள் இத்தேவைக்கு விடையாயின. இறக்கையின் மேற்பரப்பில் ஒரு பிளவிலிருந்து செங்குத்தாக எழும்பும் சிறு தகடுகள் அவை. கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் இரு இறக்கைகளிலும் ஒருசேர எழும்பும். ஃபிளாப்புக்குள்ள வேகக் கட்டுப்பாடு அவற்றுக்கு இல்லை. மூனி விமானங்களின் பிற்கால வகைகளில் அவை ஆலையிலேயே பொருத்தப்பட்டன. எஞ்சின் தன் வெப்பத்தோடு ஓடிக்கொண்டிருக்க, தகடுகள் உயரத்தைக் காற்றில் கரைத்தன. 1930களில் யாக்கோப்ஸ் முன்வைத்த கேள்விக்கு அளிக்கப்பட்ட விடையின் குறுகிய வடிவம் இது.

ஆயினும் வரலாற்று மாணவர் இங்கே நிதானிக்க வேண்டும். கருவி பரவியமை, அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அச்சம் மெய்யென்பதற்குச் சான்றாகாது. திடீர்க் குளிர்ச்சியே விரிசலுக்குக் காரணம் என்ற கருத்தை ஐயுறுவோர் வலுவான கேள்விகளை எழுப்புகின்றனர். மழைக்குள் பறக்கும் எஞ்சினும், பயிற்சிக்காக நடுவானில் நிறுத்தப்படும் இரட்டை எஞ்சின் விமானத்தின் ஓர் எஞ்சினும் இதைவிட வேகமாகக் குளிர்கின்றனவே. அவை ஏன் உடனே விரிசலுறுவதில்லை என்பது அவர்கள் வாதம். நெடுநேர மிகைவெப்பமே உலோகத்தைத் தளரச் செய்கிறது. குளிர்ச்சி அத்தளர்ச்சியை வெளிப்படுத்துவதோடு சரி என்று அவர்கள் கருதுகின்றனர். மறுதரப்பினரோ, பலமுறை நிகழும் சிறு அழுத்தங்கள் ஒன்றுகூடி உலோகத்தைச் சோர்வுறச் செய்யும் என்கின்றனர். இவ்வழக்கு முடியவில்லை. முடியாத வழக்கின் நடுவிலும் கருவி நிலைபெற்றமைக்குக் காரணம், எஞ்சினைக் காப்பதோடு அது வேறு பயன்களையும் தந்தமையே: தாமதமான அனுமதியைச் சமாளிக்கவும், கொந்தளிக்கும் காற்றில் வேகத்தை விரைவில் குறைக்கவும், மேகத்தில் நிலைதவறினால் பாய்ச்சலை அடக்கவும் அது உதவியது.

கடைசியாகச் சொன்ன பயன் 1932இல் குரோன்ஃபெல்டின் கிளைடரில் இல்லாது போனது. அரை நூற்றாண்டுக்குப்பின், பயணத்துக்காகப் பறக்கும் தனியாரின் விமானத்தில் அது மீண்டும் தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அதே தகடு வியலுனிலும் மிட்வேயிலும் அரக்கானிலும் விரிந்திருந்தது. வேகத்தையும் உயரத்தையும் மட்டும் எண்ணும் வரலாறு இப்பயணத்தைக் காணாது. காற்றுத்தடையை நீக்கியதைச் சாதனையாகவும் அதைத் திரும்பச் சேர்த்ததை உதிரித் தகவலாகவும் பதிவுசெய்துவிடும். ஒரு தொழில்நுட்பம் முதிர்ந்துவிட்டதா என்பதை அறிய, அது எவ்வளவு தூரம் செல்லும் என்று கேட்பதோடு, சென்றதிலிருந்து எவ்வாறு திரும்பும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பிஸ்டன் விமானம் அக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.